இருபத்தோராயிரத்துக்கு உள்ளே

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் சம்பளத்தை ஏற்றச் சொல்லி முதலாளி முன்னால் நின்றவர்கள் ஏராளம். குறைக்கச் சொல்லி நின்றவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். ஒரு தடவை நின்றிருந்தால் வெயிலில் ஏதோ மூளை கலங்கிவிட்டது என்று விட்டிருப்பார்கள். மூன்று தடவை போய் நின்றேன். மூன்றாவது தடவை எங்கள் ஓனர் அப்பாதுரை சார் எனக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, வீட்டில் எல்லாரும் நலம்தானே என்று மெதுவாக விசாரித்தார்.

என் பெயர் சக்திவேல். நாற்பத்தாறு வயது. மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு தெருவில் வாடகை வீடு. மனைவி கோகிலவாணி வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். மகள் சின்மயி கல்லூரியில் படிக்கிறாள். நான் பேச ஆரம்பித்தால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். ஐ.டி.ஐ. முடித்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரே வேலை இரும்புத் தகட்டை வளைப்பது. மின்சாரப் பெட்டியானாலும் சரி, கார் கம்பெனிக்குப் போகிற பிராக்கெட் ஆனாலும் சரி, படத்தில் இருக்கிறபடி வளைத்துக் கொடுத்துவிடுவேன். இது ஒன்றைத் தவிர மற்ற எல்லா விஷயத்திலும் எனக்கு அபிப்பிராயம் மட்டும் உண்டு.

அப்பாதுரை சார் அந்தப் பக்கத்து ஆள். அவருடைய அப்பா காலத்தில் நெல் விளைந்த இடத்தில்தான் இப்போது எங்கள் ஷெட் நிற்கிறது. பத்துப் பேர் வேலை செய்தால் ஈ.எஸ்.ஐ. கட்டியாக வேண்டும் என்பது சட்டம். அதாவது தொழிலாளி சம்பளத்தில் ஒரு சின்னப் பங்கு, முதலாளி கையிலிருந்து அதைவிடப் பெரிய பங்கு, இரண்டும் அரசாங்கத்துக்குப் போகும். உடம்புக்கு வந்தால் குடும்பத்துக்கே ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் இலவச வைத்தியம். அதனால் எங்கள் கம்பெனியில் ரொம்ப காலம் ஒன்பது பேர்தான் இருந்தோம். வேலை செய்தது பதினாறு பேர், இருந்தது ஒன்பது பேர். ஆபீசர் யாராவது வருகிற மாதிரி வாடை அடித்தால் மீதி ஏழு பேரும் எதிர் வரிசை டீக்கடைக்குப் போய் உட்கார்ந்துவிட வேண்டும். நான் சீனியர், ரெஜிஸ்டரில் இருக்கிற ஆள். ஆனாலும் டீயும் பஜ்ஜியும் ஓனர் கணக்கு என்பதால் நானும் அவர்களோடு கிளம்பிவிடுவேன். ஒரு தடவை ஆபீசர் வந்து எண்ணிப் பார்த்தபோது எட்டுப் பேர்தான் இருந்தோமாம். ஒன்பதாவது ஆள் எங்கே என்று அவர் கேட்டு, ஓனர் என்னைத் தேடி ஆள் அனுப்பி, வாயில் பஜ்ஜியோடு நான் ஓடி வந்தேன்.

பிறகு ஒரகடத்தில் எங்களிடம் பொருள் வாங்குகிற ஒரு பெரிய கம்பெனி, எல்லாருக்கும் ஈ.எஸ்.ஐ. கட்டின ரசீது காட்டினால்தான் ஆர்டர் என்று சொல்லிவிட்டது. அப்பாதுரை சாருக்கு வேறு வழியில்லை, பதினாறு பேரையும் பதிவு செய்தார். நூற்றுக்கு மூணேகால் ரூபாய் தன் பாக்கெட்டிலிருந்து போகிறது என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிப் புலம்பினார். வாங்குவதாக இருந்த இன்னொரு மெஷினைத் தள்ளிப்போட்டார். அந்தத் தீபாவளிக்கு ஸ்வீட் பெட்டி அரைக் கிலோவிலிருந்து கால் கிலோவாக இளைத்தது. எங்கள் பக்கத்துப் புலம்பலுக்கு நான்தான் தலைவர். மாசம் நூற்றைம்பது ரூபாயைச் சும்மா பிடிக்கிறான், நாம் என்ன தினமும் ஆஸ்பத்திரிக்கா போகிறோம் என்று சாப்பாட்டு நேரத்தில் பேசிப் பேசியே எல்லாருக்கும் பசி கெட்டுப்போகச் செய்தேன்.

அதற்குப் பதில் சொல்லத்தானோ என்னவோ, கோகிலாவுக்கு இடுப்பு வலி வந்தது. முதலில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து எழுந்தால் வலிக்கிறது என்றாள். நான் ஸ்டூலை மாற்றினேன். பிறகு நடந்தாலே வலிக்கிறது என்றாள். நான் செருப்பை மாற்றினேன். ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடக்க ஆரம்பித்த பிறகுதான் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போனோம். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஆயிற்று. ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வந்ததும், கவுண்டரில் யாராவது பணம் கேட்டுக் கூப்பிட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் நான் வேகமாக வாசலைப் பார்க்க நடந்தேன். இடுப்பு தேய்ந்த மனுஷி பின்னால் நொண்டிக்கொண்டே, ஏங்க, ஏங்க என்று வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. அங்கே யாரும் காசு கேட்கிறதில்லை என்பது பஸ் ஸ்டாப்பில்தான் எனக்கு உறைத்தது.

வலது இடுப்பு எலும்பின் பந்து கெட்டுப்போய்விட்டது, அதை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். இடது பக்கமும் லேசாக ஆரம்பித்திருக்கிறது, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். வரிசையில் பேர் எழுதிக்கொண்டு, தேதி பிறகு சொல்வதாக அனுப்பிவைத்தார்கள். எனக்கு நிம்மதியாகப் போயிற்று. ஈ.எஸ்.ஐ. அட்டையை நான் ரேஷன் கார்டு மாதிரி நினைத்திருந்தேன். ஒரு தடவை கொடுத்துவிட்டால் நமக்கென்று ஆகிவிட்டது, நாமாகப் போய்த் திருப்பிக் கொடுத்தால் ஒழிய யாரும் பிடுங்க மாட்டார்கள் என்று. ஆனால் அந்த அட்டைக்கு ஒரு கூரை உண்டு. சம்பளம் இருபத்தோராயிரம் வரைக்கும்தான் அதற்குள் இருக்கலாம். அதைத் தாண்டினால் வெளியே. நான் அப்போது வாங்கிக்கொண்டிருந்தது இருபதாயிரம். கூரை என் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில்தான் இருந்திருக்கிறது. நான் அண்ணாந்து பார்க்கவே இல்லை.

எங்கள் பேட்டையில் சம்பள உயர்வு, பதவி உயர்வு எல்லாம் ஆயுத பூஜை அன்றைக்குத்தான் சொல்வார்கள். மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டு, பொரி கடலை பரப்பி, வாசலில் பூசணிக்காய் உடைப்பதற்கு முன்னால் ஓனர் பேசுவார். போன வருஷம் ஆயுத பூஜை அக்டோபர் முதல் தேதியிலேயே வந்து விழுந்தது. பழைய சூப்பர்வைசர் சிட்டிபாபு ரிடையர் ஆகியிருந்தார். முந்தின நாளே அப்பாதுரை சார் என்னைக் கூப்பிட்டு, அடுத்த சூப்பர்வைசர் நீதான், சம்பளம் இருபத்து மூவாயிரம், நவம்பரிலிருந்து என்று சொல்லிவிட்டார்.

இருபது வருஷம் காத்திருந்தவனுக்கு ஒரு மாசம் காத்திருக்க முடியவில்லை. நல்ல நாளில் சொல்லிவிட்டு நவம்பருக்குத் தள்ளினால் அதற்கு என்ன மரியாதை என்று பிடித்துக்கொண்டேன். சிட்டிபாபு அண்ணனுக்குப் பூஜை அன்றிலிருந்தே கொடுத்தீர்களே என்று பழைய கதையை எடுத்தேன். இன்னொரு காரணமும் இருந்தது, அதை அவரிடம் சொல்லவில்லை. கோகிலாவின் அண்ணன் ஷ்யாம்சுந்தர் பழைய மகாபலிபுரம் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். பூஜை விடுமுறைக்குக் குடும்பத்தோடு மறுநாள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. அவனிடம் ஆகப்போகிறேன் என்று சொல்ல எனக்கு இஷ்டமில்லை, ஆகிவிட்டேன் என்று சொல்ல வேண்டும்.

கணக்குப் பார்க்கிற ஜெயஸ்ரீ பக்கத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். "அண்ணா, நவம்பர்னா நல்லதுண்ணா, ஈ.எஸ்.ஐ. பீரியட் வந்து..." என்று ஆரம்பித்தாள். உனக்கு வேலை குறையணும்னு என் நல்ல நாளைக் கெடுக்காதம்மா என்று அவள் வாயை அடைத்தேன். ஓனர் சிரித்துவிட்டு, சரி, நாளைக்குச் சொல்றேன், நாளைலேர்ந்தே வெச்சுக்கோ என்றார், சொன்னபடியே பூஜையில் அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். பூசணிக்காயை நானே தூக்கி உடைத்தேன். அதில் உடைந்தது என்ன என்று தெரிய மூன்று மாசம் ஆயிற்று.

சூப்பர்வைசருக்குச் சாம்பல் நிறச் சட்டை, ஆபரேட்டருக்கு நீலச் சட்டை. சாம்பல் நிறத்தில் நாலு தைக்கக் கொடுத்தேன். தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் ஒரு அச்சகத்தில் விசிட்டிங் கார்டு அடித்தேன். நூறு போட்டாலும் ஐந்நூறு போட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்று கடைக்காரர் சொன்னதால் ஐந்நூறு. ஷ்யாம்சுந்தருக்கு ஒன்று கொடுத்தேன், எதிர்வீட்டுக்காரருக்கு ஒன்று, பால்காரருக்கு ஒன்று. அதற்கு மேல் எனக்கு யாரையும் தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. பாக்கி அட்டைகளைக் கோகிலா எடுத்து ஜாக்கெட் கொக்கிகளை வரிசையாகக் குத்திவைக்க உபயோகித்தாள். அளவு சரியாக இருக்கிறது என்று பாராட்டவும் செய்தாள்.

அக்டோபர் சம்பளச் சீட்டு வந்தபோது ஈ.எஸ்.ஐ. என்று போட்டிருந்த இடத்தில் பூஜ்யம். வீட்டில் சீட்டை விரித்துக் காட்டி, இனிமே அந்தப் பிடித்தம் எல்லாம் கிடையாது, நாம இப்ப ஸ்டாஃப் என்று சொன்னேன். ஏன் பிடிக்கவில்லை என்று கோகிலா கேட்டாள். பெரிய போஸ்டுக்கு வந்தால் பிடிக்க மாட்டார்கள் என்று விளக்கினேன். மிச்சமான காசுக்கு பிரியாணி வாங்கி வந்து நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டோம்.

பொங்கல் கழிந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆபரேஷன் ஆகஸ்டில் வரும் என்று சொல்லிவிட்டு, கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் திரும்பவும் பார்த்தாள். என் சந்தா செப்டம்பரோடு நின்றுவிட்டது, அந்தச் சந்தாவுக்கு ஜூன் முப்பது வரைக்கும்தான் வைத்தியம் செல்லும், ஆகஸ்டில் செல்லாது என்றாள். தேதியை முன்னால் தள்ளச் சொல்லிக் கேட்டேன். அவள் என் பின்னால் கையைக் காட்டினாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கோகிலா மாதிரியே ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் பையிலிருந்து விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினேன். எதற்காக நீட்டினேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவள் அதைப் படித்துவிட்டு, "இதனாலதான் சார் போச்சு" என்று திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் ஜெயஸ்ரீயிடம் போய் நின்றேன். அன்று நான் முடிக்கவிடாத வாக்கியத்தை அவள் முடித்தாள். ஆறு மாசத்துக்கு ஒரு பீரியட், அக்டோபர் முதல் தேதி ஒன்று ஆரம்பம். அன்றைக்கு யார் சம்பளம் கூரைக்கு மேலே இருக்கிறதோ அவர் வெளியே. பீரியட் ஆரம்பித்த பிறகு சம்பளம் ஏறினால் மார்ச் முடிகிற வரைக்கும் உள்ளேயே இருக்கலாம், அந்தச் சந்தாவை வைத்து இந்த டிசம்பர் வரைக்கும் வைத்தியம் பார்க்கலாம். ஓனர் சொன்னபடி நவம்பரிலிருந்து வாங்கியிருந்தால் ஆகஸ்ட் ஆபரேஷன் தாராளமாக நடந்திருக்கும். நல்ல நாள் பார்த்து, போராடி, கேட்டு வாங்கி நானே வெளியே வந்திருக்கிறேன்.

வீட்டில் சொன்னேன். கோகிலா ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "விடுங்க. வலி பழகிடுச்சு" என்றாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். என் மேலேயே எனக்கு அவ்வளவு வெறுப்பு வந்தது அன்றைக்குத்தான். அவள் நூலை வாயால் கடித்துவிட்டு எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்துச் சமையலறைக்கு நடந்ததைப் பார்க்கச் சகிக்காமல் நான் தெருவுக்கு வந்துவிட்டேன்.

பிறகு ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். தனியார் ஆஸ்பத்திரியில் கேட்டால் சொன்ன தொகை என் ஒரு வருஷச் சம்பளம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கேட்டால், வருஷ வருமானம் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குள் இருக்க வேண்டும், உங்களுக்கு ரொம்ப அதிகம் என்றார்கள். ரொம்ப அதிகம் என்று என் வருமானத்தைப் பற்றி வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேள்விப்பட்டேன். தனியாக இன்சூரன்ஸ் எடுக்கப் போனால், ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று அந்தப் பையன் அன்பாகச் சொல்லி, காபி வாங்கிக் கொடுத்தான். மச்சான் ஷ்யாம்சுந்தருக்கு ஆபீசில் ஐந்து லட்சத்துக்கு இன்சூரன்ஸ் உண்டு. அவன், அவன் மனைவி, பிள்ளைகள், அப்பா அம்மா வரைக்கும் சேரும், கூடப் பிறந்த தங்கைக்குச் சேராது. மாமனார் மாமியாரைச் சேர்த்துக்கொள்ளலாமாம். அந்த லிஸ்டில் தங்கையைத் தவிர எல்லாரும் இருந்தார்கள். பாவம், அவனுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. கடனாக வேணா தர்றேன் மச்சான் என்றான்.

கூரையை உயர்த்தப் போகிறார்கள் என்று ரொம்ப நாளாகவே பேச்சு உண்டு. பட்ஜெட் அன்றைக்கு, கிரிக்கெட் தவிர எதற்கும் டி.வி. முன்னால் உட்காராத நான், முதலிலிருந்து கடைசி வரைக்கும் பேச்சைக் கேட்டேன். காத்திருந்த வார்த்தை என் காதில் விழவில்லை. புதுத் தொழிலாளர் சட்டம் வந்திருக்கிறதே, அதில் சம்பளத்தை வேறு மாதிரி கணக்குப் பண்ணுவார்களாமே என்று ஜெயஸ்ரீயைக் கேட்டேன். "அது எப்டி வரும்னு எனக்கே இன்னும் தெரியலண்ணா. அத்த நம்பி அக்கா இடுப்ப வெச்சுகினு இருக்க முடியுமா?" என்றாள். ஏப்ரல் முதல் தேதி அடுத்த பீரியட் ஆரம்பிக்கிறது, அன்றைக்குச் சம்பளம் இருபத்தோராயிரத்துக்குள் இருந்தால் அன்றிலிருந்தே சந்தா பிடிக்கலாம், சந்தா பிடிக்கிற மாசங்களில் வைத்தியமும் தொடரும் என்று அவள்தான் வழி சொன்னாள்.

அப்படித்தான் அப்பாதுரை சார் முன்னால் போய் நின்றேன். முதல் தடவை நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். இரண்டாவது தடவை, யாரோ தொழிலாளர் ஆபீசில் சொல்லிக்கொடுத்து என்னை அனுப்பியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டார். சம்பளத்தைக் குறைத்ததும் போய்ப் புகார் கொடுக்கப்போகிறாயா என்று நேராகவே கேட்டுவிட்டார். மூன்றாவது தடவைதான் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தது. எல்லாவற்றையும் சொன்னேன். இடுப்பு, ஆகஸ்ட், அக்டோபர் முதல் தேதி, நான் பிடித்த பிடிவாதம், ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவர் மேஜை மேல் இருந்த சாமி படத்தைப் பார்த்தார். "பூசணிக்காய் ஒடைக்கறதுக்கு முன்னாடி வாயால சொன்ன சம்பளம்ப்பா அது. அத்த எறக்கினா கம்பெனிக்கே எறக்கம். வேற இன்னா வேணா கேளு" என்றார். நல்ல நாளை வைத்து நான் அவரை மடக்கியது போக, அதே நல்ல நாள் இப்போது என்னை மடக்கியது. அப்படியென்றால் காகிதத்தில் மட்டும் குறைத்துப் போட்டுவிட்டு மீதியைக் கையில் கொடுங்கள் என்றேன். ஒரகடத்திலிருந்து ஆடிட் வந்தால் யார் மாட்டுவது, இனிமேல் டீக்கடைக் கதை எல்லாம் கிடையாது என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தவர் ஜெயஸ்ரீயை உள்ளே கூப்பிட்டார். ஓவர்டைம் பணம் கூரைக் கணக்கில் சேருமா என்று கேட்டார். சேராது என்றாள்.

"அப்ப நீ மெஷினுக்குப் போயிடு. பழைய சம்பளம் இருபது. மீதி மூணு ஓவர்டைம்ல வரும். கைக்கு வர்ற காசு அதேதான், அதனால நான் சொன்னதும் சொன்னதுதான். ஆனா நெசமா மெஷின்ல நிக்கணும். சாம்பல் சட்ட கிடையாது. முடியுமா உன்னால?"

முடியும் என்று உடனே சொல்லியிருந்தால் இந்தக் கதையில் எனக்கு ஒரு நல்ல பேராவது கிடைத்திருக்கும். நான் சூப்பர்வைசரின் சுழல் நாற்காலியை நினைத்தேன். ஐந்நூறு விசிட்டிங் கார்டை நினைத்தேன். அடுத்த பூஜைக்கு வரப்போகிற மச்சானை நினைத்தேன். கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வெளியே வந்தேன். யாரைக் கேட்பது? மெஷின் வரிசை வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்து, சரி சார் என்றேன். நீ உள்ள வந்தா உனக்கும் நான் மூணேகால் கட்டணும், அதையும் பார்த்துக்கோ என்று அவர் தன் பங்குக்குப் புலம்பிவிட்டுத்தான் சம்மதித்தார்.

ஏப்ரல் முதல் தேதி நீலச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். முட்டாள்கள் தினம் அது என்பதைச் சின்மயி ஹெட்போனைக் கழற்றி ஞாபகப்படுத்தினாள். என் இடத்துக்கு ஆல்வின் வந்திருந்தான். முப்பது வயசு, படப்பையிலிருந்து வருகிறவன், நான் ஆறு மாசம் சூப்பர்வைசராக இருந்தபோது அதிகமாகத் திட்டு வாங்கியவன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அண்ணா, நீங்க ஒக்காருங்கண்ணா என்று நாற்காலியைத் தள்ளிவிட்டான். உட்கார்ந்தால் ஓவர்டைம் வராது என்று சொல்லி மெஷினுக்குப் போனேன். மதியத்துக்குள் அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது. பின்னால் வந்து நின்று, கையுறை போடாம தகடு தொட்டா வூட்டுக்கு அனுப்பிடுவேன் என்றான். அது என்னுடைய வாக்கியம். குரலைக்கூட என் மாதிரியே வைத்திருந்தான். நான் கையுறையைப் போட்டுக்கொண்டேன்.

வேலை மறக்கவில்லை, உடம்புதான் மறந்திருந்தது. ஓவர்டைம் முடித்து வண்டியை உருட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால், நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம், அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம். சின்மயி எங்கள் இரண்டு பேருக்கும் தைலம் தேய்த்துவிட்டு, இதுக்கு எந்த ஈ.எஸ்.ஐ. என்று கேட்பாள். சம்பளச் சீட்டில் பிடித்தம் திரும்ப வந்தது. நூற்றுச்சொச்சம் ரூபாய். அந்த எண்ணைக் கோகிலா விரலால் தடவிப் பார்த்தாள். இந்தத் தடவை பிரியாணி வாங்கலாமா என்று நான் கேட்டேன், வாங்கிட்டு வாங்க என்றாள்.

ஆகஸ்டில் ஆபரேஷன் நடந்தது. உள்ளே கொண்டுபோன பிறகு நான் ஷ்யாம்சுந்தர் பக்கத்தில் உட்கார்ந்து, அரசாங்கத்தின் மருத்துவக் கொள்கையைப் பற்றி அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் எனக்கே தெரியாமல் அழுகை வந்துவிட்டது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். யாரிடம் ஜம்பம் காட்ட நான் காத்திருந்தேனோ அந்த மனுஷன், என் நீலச் சட்டையைப் பற்றி அன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அடுத்த நாளே வாக்கரைப் பிடித்து நிற்கவைத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் குரோம்பேட்டையிலிருந்து வந்த எல்லம்மா என்கிற அம்மாள், முட்டி ஆபரேஷன். கோகிலாவுக்கும் அவருக்கும் நல்ல சிநேகமாகிவிட்டது. நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது அவர் என்னைக் காட்டி, "உன் வூட்டுக்காரரு இன்னாவா கீறாரும்மா?" என்று கேட்டார். ஆறு மாசம் தெருவெல்லாம் சூப்பர்வைசர் வீடு என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். இப்போது என்ன சொல்லப்போகிறாள் என்று நான் கஞ்சியையே பார்த்துக்கொண்டு காதைக் கொடுத்தேன்.

"இருபத்தோராயிரத்துக்கு உள்ள இருக்காரு" என்றாள் கோகிலா.

எல்லம்மாவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தலையை ஆட்டி, "எம்புள்ளயும் அப்டிதான். இன்கிரிமென்டு வாணாம்னு எழுதிக் குடுத்துட்டான்" என்றார். அந்த வார்டு முழுக்கப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் ஒரு ஆள் ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருந்தான். திருமுடிவாக்கத்தில் நான் ஒருவன்தான் என்று பெருமைப்பட்டதும் அன்றோடு போயிற்று.

மூன்றாம் நாள் அப்பாதுரை சார் ஆப்பிளோடு வந்தார். கோகிலா வாக்கரைப் பிடித்து நாலு அடி நடந்து காட்டினாள். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்திலேயே, ஆல்வினுக்கு ஆள்களை வைத்து வேலை வாங்கத் தெரியவில்லை, வருகிற ஆயுத பூஜைக்கு உன்னைத் திரும்பவும் சூப்பர்வைசர் என்று சொல்லிவிடட்டுமா, சம்பளம் இருபத்தைந்து, உனக்கு எந்தத் தேதி வேணுமோ அந்தத் தேதியிலிருந்து என்றார். கடைசியில் சொன்னதுதான் என்னைக் கொஞ்சம் உலுக்கியது. எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. அந்த நாற்காலி என் கண் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றியது.

கோகிலா வாக்கரில் நின்றபடியே என்னைப் பார்த்தாள். வலது காலை நன்றாக ஊன்றியிருந்தாள். உடம்பின் பாரத்தை அதன் மேலே போட்டு, முன்பு வலது பக்கத்தைக் காப்பாற்றச் சாய்ந்த மாதிரி, இப்போது இடது பக்கத்தைக் காப்பாற்றிச் சாய்ந்திருந்தாள். அவளுக்கே அது தெரிந்திருக்காது.

"இன்னொரு இடுப்பு இருக்குது சார். அதுக்குத் தேதி இன்னும் தெரியாது" என்றேன்.

அவர் அவள் காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பூஜைல உன்னப் பத்தி இன்னா சொல்லட்டும் அப்ப?"

"ஒண்ணும் சொல்லாதீங்க சார். பூசணிக்காய ஆல்வின ஒடைக்கச் சொல்லுங்க."

அவர் சிரித்துவிட்டுக் கிளம்பினார். கோகிலா வாக்கரை மெதுவாகத் திருப்பிக்கொண்டு கட்டில் பக்கம் வந்தாள். உட்காரவைக்கக் கையை நீட்டினேன். கையைப் பிடித்துக்கொண்டவள் உட்காரவில்லை, இன்னும் ஒரு தடவை வாசல் வரைக்கும் போய்ட்டு வரலாம் என்றாள். போனோம். இந்தத் தடவை அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால் போனேன்.